லோபீலியாவின் குடை

சென்ற மாதம் ஓர் இதழில் வந்த கட்டுரை, ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ தொடரில் மனம்விட்டுச் சிரிக்கவைத்த தருணங்களைத் தொகுத்துத் தந்திருந்தது. பட்டியல் போடுவது ரசிகரின் உரிமை. அதோடு நமக்கு வழக்கில்லை. அதிலிருந்த அத்தனை தருணங்களும் 2001 முதல் 2003 வரை வந்த மூன்று படங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. அதுவும் போகட்டும். கட்டுரையின் கடைசிப் பத்தியில் ஒரு தீர்ப்பு இருந்தது: டோல்கியனின் மூலநூல் சிரிக்கத் தெரியாத நூல், சிரிப்பைக் கொண்டுவந்து சேர்த்தது சினிமா, அந்தச் சிரிப்பும் பார்வையாளர் மூச்சுவிட்டுக்கொள்ள ஓர் இடைவேளை. மூன்றுமே தவறு. மூன்றாவது, நம் விமர்சனச் சூழலைப் பிடித்திருக்கும் பழைய நோயின் அறிகுறியும்கூட. அதனால்தான் இந்தத் தலையங்கம்.

முதலில் நூலுக்கு வருவோம். 1954இல் வெளியான முதல் பாகத்தின் முதல் அத்தியாயமே ஒரு நகைச்சுவைச் சித்திரம். பில்போ என்ற ஹாபிட்டுக்கு நூற்றுப்பதினோராவது பிறந்தநாள். குடும்ப விருந்துக்கு அழைக்கப்பட்டவர்கள் 144 பேர். கிழவர் எழுந்து பேசுகிறார். உறவினர்களைப் பற்றி அவர் சொல்லும் ஒரு வாக்கியம் பாராட்டா வசையா என்று புரியாமல் பந்தலே விழிக்கிறது. மோதிரத்தை மாட்டிக்கொண்டு அவர் மறைந்துபோன பிறகு, வீட்டில் அவர் பெயரெழுதி வைத்துவிட்டுப் போன பரிசுகள் கிடைக்கின்றன. கடிதத்துக்குப் பதிலே எழுதாதவருக்குத் தங்கப் பேனாவும் மைக்கூடும். புத்தகங்களை வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தராதவருக்குக் காலியான புத்தக அலமாரி. குடைகளைக் கிளப்பிக்கொண்டு போகிறவருக்கு ஒரு குடை. லோபீலியா சாக்வில்-பேகின்ஸுக்கு வெள்ளிக் கரண்டிகள். பில்போ ஊரில் இல்லாத காலத்தில் அவருடைய கரண்டிகள் பலவற்றை அவள் எடுத்துக்கொண்டுவிட்டாள் என்பது அவருடைய சந்தேகம். லோபீலியாவுக்குக் குத்தல் உறைக்கிறது. கரண்டிகளையும் அவள் விட்டுவைக்கவில்லை. அன்றே வீட்டைச் சுற்றிவந்த அவளுடைய குடைக்குள் சில விலையுயர்ந்த பொருள்கள் ‘விழுந்து’விடுகின்றன; பில்போவின் வாரிசான ஃப்ரோடோ அவற்றை மீட்டுக்கொண்டு அவளை வாசல்வரை அனுப்பிவைக்கிறான்.

இது இங்கேயே முடிந்திருந்தால் நல்ல கேலி என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆயிரம் பக்கங்கள் கழித்து, 1955இல் வந்த மூன்றாம் பாகத்தின் கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில், அந்தக் குடை திரும்பி வருகிறது. போர் முடிந்து ஹாபிட்டுகள் திரும்பும்போது அவர்களுடைய ஊரான ஷைர் ரௌடிகளின் கையில் இருக்கிறது. மரங்கள் வெட்டப்பட்டுவிட்டன, வீடுகள் இடிக்கப்பட்டுவிட்டன. எதிர்த்தவர்கள் சிறையில். அந்த ரௌடிகளின் முகத்துக்கு நேரே நின்று யார் உத்தரவு என்று கேட்டு, குடையை ஓங்கிக்கொண்டு பாய்ந்தவள் லோபீலியா. நூறு வயதைக் கடந்த கிழவி. அதற்காகவே சிறைக்குப் போனாள். விடுதலையாகி, அதே குடையை இறுகப் பிடித்துக்கொண்டு வெளியே வரும்போது ஊர் கைதட்டுகிறது. அவள் அழுதுவிடுகிறாள். அதுவரை அவளை யாருக்கும் பிடித்ததே இல்லை. பிறகு, வாழ்நாளெல்லாம் ஆசைப்பட்டுக் கடைசியில் பெற்ற பில்போவின் வீட்டை ஃப்ரோடோவிடமே திருப்பிக் கொடுக்கிறாள். மிச்சமிருந்த பணத்தை வீடிழந்தவர்களுக்கு எழுதிவைத்துவிட்டுச் சாகிறாள்.

முதல் அத்தியாயத்தில் நாம் அவளைப் பார்த்துச் சிரித்திருக்காவிட்டால் இந்தக் கைதட்டலுக்குப் பொருளே இல்லை. கரண்டித் திருடி என்று நாமும் ஊரோடு சேர்ந்து தீர்ப்பெழுதியவர்கள்தானே? டோல்கியனின் சிரிப்பு இப்படித்தான் வேலைசெய்கிறது. அது வாசகனின் கணக்கில் ஒரு கடனை ஏற்றிவைக்கிறது. கதை அதை வட்டியோடு வசூலிக்கிறது. படங்களில் ஷைரின் மீட்பு இல்லை. ஆகவே வசூலும் இல்லை.

படங்கள்மீது நமக்கு வன்மம் இல்லை. பில்போவாக இயன் ஹோம் பிறந்தநாள் உரை நிகழ்த்தும் காட்சிக்கு இணையான ஒன்று அதற்குப் பின் வந்த மிகுபுனைவுப் படங்களில் அபூர்வம். மரமாந்தர்கள் நெடுநேரம் கூடிப் பேசி, கடைசியில் மெர்ரி, பிப்பின் என்ற இரு ஹாபிட்டுகளும் ஓர்க்குகள் அல்ல என்ற முடிவுக்கு மட்டும் வந்திருப்பதை அறிவிக்கும் இடம், மூலத்தின் ஆன்மாவை அறிந்தவர்கள் எழுதியது. இரண்டாவது காலைச் சாப்பாட்டைப் பற்றிப் பிப்பின் கவலைப்படும் காட்சியும் அப்படியே. ஆனால் கிம்லிக்கு நடந்ததை எப்படி ஏற்பது? நூலில் கிம்லி ஒரு கவிஞன். ஹெல்ம்ஸ் டீப் போரில் அவனும் லெகோலஸும் வீழ்த்திய தலைகளை எண்ணிப் போட்டிபோடுவதும், கிம்லி 42க்கு 41 என்று வெல்வதும் நூலில் உண்டு. ஆனால் அந்தப் போர் ஓய்ந்ததுமே அங்கே தான் கண்ட குகைகளைப் பற்றி அவன் பேசும் பேச்சு, எல்ஃபான லெகோலஸே நெகிழ்ந்துபோகுமளவுக்கு ஒளிகொண்டது. பின்னொரு நாள் லெகோலஸ் அந்தக் குகைகளைப் பார்த்துவிட்டு வந்து, அவற்றைப் பற்றிப் பேசும் தகுதி கிம்லிக்கே உண்டு என்கிறான். படத்தில் அந்தப் பேச்சு கிடையாது. மதிலுக்கு மேலே எட்டிப் பார்க்க முடியாத குள்ளனும், குதிரையிலிருந்து விழுகிறவனும்தான் மிச்சம். அந்தச் சிரிப்பு எழுந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது. நம் கட்டுரையாளரின் பட்டியலில் பாதிக்கு மேல் கிம்லிதான்.

இனி நமக்கு நெருக்கமான இடத்துக்கு வருவோம். இடிந்துகிடக்கும் ஐசன்கார்ட் கோட்டையின் வாசலில், வெள்ளமும் சிதிலமுமாக இருக்கும் காட்சிக்கு நடுவே, மெர்ரியும் பிப்பினும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் புகைபிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அரசர் தியோடன் வருகிறார். மெர்ரி எழுந்து வணங்கிவிட்டு, புகையிலையை ஷைரில் முதலில் பயிரிட்டவர் யார், எந்த ஆண்டில், என்று வரலாறு சொல்லத் தொடங்குகிறான். கேண்டால்ஃப் குறுக்கிட்டு அரசரை எச்சரிக்கிறார்: விட்டால் இவர்கள் அழிவின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு சாப்பாட்டைப் பற்றியும் தாத்தாக்களைப் பற்றியும் பேசிக்கொண்டேயிருப்பார்கள். படிக்கிறவர்கள் சிரிக்கிறார்கள். அரசருக்கோ அந்தச் சின்ன மனிதனைப் பிடித்துப்போகிறது. ஒருநாள் சாவகாசமாக உட்கார்ந்து இந்த மூலிகைக் கதைகளைக் கேட்க வேண்டும் என்கிறார். பெலனோர் போர்க்களத்தில் சாகும்போது அவர் மெர்ரியிடம் சொல்வது இதைத்தான்: உன்னிடம் கதை கேட்பதாகச் சொன்னேன், இனி முடியாது, நிம்மதியாகப் புகைபிடிக்க உட்காரும்போது என்னை நினைத்துக்கொள். உலகப் போர்க்காவியங்களில் அரசர்கள் எத்தனையோ சொல்லிச் செத்திருக்கிறார்கள். புகையிலையைப் பற்றிய ஒரு வேடிக்கைப் பேச்சு ஓர் அரசனின் கடைசிச் சொற்களில் ஒன்றாக மாறுவதை நாம் வேறெங்கும் படித்ததில்லை.

டோல்கியன் அதோடு விடவில்லை. மருத்துவச் சாலையில், மெர்ரி உட்படச் சாகக்கிடக்கும் மூவரைக் காப்பாற்ற அரகார்ன் ஒரு மூலிகை கேட்கிறான். வருகிற மூலிகைப் பண்டிதர் அதற்கு எந்தெந்த மொழியில் என்னென்ன பெயர் என்று விளக்குகிறார். செடிதான் கையில் இல்லை. மரணப்படுக்கைக்குப் பக்கத்தில் நடக்கும் இந்தப் பாண்டித்திய வேடிக்கை, கல்விப்புலத்துக்குள்ளிருந்தே எழுதியவரின் கைவண்ணம். 1925 முதல் 1959 வரை ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியராக இருந்தவர் அவர். பிழைத்தெழுந்த மெர்ரி, பசிக்கிறது என்கிறான், புகைபிடிக்க வேண்டும் என்கிறான், அரசர் நினைவுக்கு வந்ததும் வேண்டாம் என்கிறான். பிடி, அவரை நினைத்துக்கொண்டு பிடி என்கிறான் அரகார்ன். கூடவே, புகையிலை வேண்டுமானால் அந்தப் பண்டிதரைக் கூப்பிடு, அதன் பெயர்களையெல்லாம் சொல்வார் என்று கேலிசெய்கிறான். இரண்டு வேடிக்கைகளும் ஒரு துக்கத்தில் வந்து சேர்கின்றன. அப்போது மெர்ரி மன்னிப்புக் கேட்கும் தொனியில் சொல்வது இந்த முழு நூலின் அழகியல்: எங்கள் ஜனங்கள் இம்மாதிரி நேரங்களில் லேசாகப் பேசுவார்கள், நினைப்பதைவிடக் குறைவாகச் சொல்வார்கள், அதிகம் சொல்லிவிடுவோமோ என்ற பயம் எங்களுக்கு. இதைப் படித்த ஒருவர் இந்த நூலுக்குச் சிரிக்கத் தெரியாது என்று எழுத முடியுமா?

ஃப்ரோடோவுக்குத் துணையாகப் போகும் சாம் முயல் சமைக்கும் காட்சி கட்டுரையாளரின் பட்டியலில் இருக்கிறது. அவர்களுக்கு வழிகாட்டியாக வந்து, பச்சையாகத் தின்னத் துடிக்கும் கோல்லமுக்கு உருளைக்கிழங்கு என்றால் என்ன என்று சாம் எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொடுக்கும் அந்த இடம் படத்தில் பிரபலம். படத்தில் விடுபட்டது ஒரு வாக்குறுதி. நீ திருந்தி அப்படியே இருந்தால், ஒருநாள் என் கையால் மீனும் உருளைக்கிழங்கும் பொரித்துத் தருகிறேன் என்று நூலில் சாம் சொல்கிறான். கோல்லமை அருவருக்கும் சாம், விளையாட்டாகத்தான் சொல்கிறான். பிறகு மோர்டோரின் எல்லையில், கிரித் உங்கோலின் படிகளில் உட்கார்ந்து, நாமும் ஒருநாள் கதையாவோமோ என்று அவன் பேசும்போது ஃப்ரோடோ வாய்விட்டுச் சிரிக்கிறான். சாரோன் காலடி வைத்த நாள்முதல் அந்த மலைகள் அப்படியொரு ஒலியைக் கேட்டதில்லை என்கிறார் ஆசிரியர். இருவரும் தூங்கிப்போகிறார்கள். அவர்களைக் காட்டிக்கொடுக்கப் போயிருந்த கோல்லம் திரும்பி வந்து, தூங்கும் அவர்களைப் பார்த்து, திருந்தும் விளிம்புக்கு வந்து, ஃப்ரோடோவின் முழங்காலைத் தொடுகிறான். விழித்த சாம் கடுமையாக ஒரு சொல் சொல்லிவிடுகிறான். அவ்வளவுதான். அந்த வாய்ப்பு பிறகு வரவேயில்லை. தன்னை மிகவும் உருக்கிய இடங்களில் ஒன்றாக இதை டோல்கியன் மகனுக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறார். மீன் பொரித்துத் தருவதாகச் சொன்ன வேடிக்கையை நினைவில் வைத்திருப்பவருக்கே இந்த இழப்பின் அளவு தெரியும். படமோ அந்தச் சிரிப்பை இரண்டாம் பாகத்தின் முடிவில் காட்டு வழிக்கு நகர்த்திவிட்டது. அங்கே அது இதமாக இருக்கிறது. அதற்குமேல் எதுவும் இல்லை.

மந்திரவாதி சாருமானின் குரலில் எல்லோரும் மயங்கி நிற்கும்போது அந்த மாயையைக் கலைப்பது மந்திரமோ வாளோ அல்ல, கேண்டால்ஃபின் சிரிப்பு. இதை எழுதியவர் 1916இல் சோம் போர்க்களத்தில் நின்றவர். நெருங்கிய நண்பர்களில் ஒருவரைத் தவிர எல்லோரையும் 1918க்குள் இழந்தவர். சாமின் சாயல், தான் பதுங்குகுழிகளில் கண்ட சாதாரணச் சிப்பாய்களிடமிருந்து வந்தது என்று சொன்னவர். பீரங்கிகளுக்கு நடுவே தேநீரையும் சொந்த ஊர்க் கிழங்கையும் பற்றிப் பேசிச் சிரித்தவர்களை அவருக்குத் தெரியும். அந்தச் சிரிப்பை இடைவேளை என்பவர்கள் போரையும் அறியவில்லை, சிரிப்பையும் அறியவில்லை.

இந்த அறியாமைக்குப் பெரிய வம்சாவளி உண்டு. ‘மேக்பெத்’தில் கொலை நடந்த இரவில் கதவு தட்டப்படும்போது குடிகார வாயிற்காவலன் உளறிக்கொண்டே வருகிறானே, அது ஷேக்ஸ்பியர் எழுதியதே அல்ல என்று கவிஞர் கோலரிட்ஜ் நம்பினார். அவ்வளவு பெரிய மனத்துக்கும் அந்தச் சிரிப்பு உறுத்தியது. 1823இல் டி குவின்சி அந்தக் கதவுதட்டலை எடுத்துக்கொண்டு, நின்றுபோன மனித உலகம் மீண்டும் துடிக்கத் தொடங்குவதன் ஓசை அது என்று காட்டினார். நம் இருபதுகளில் அந்தச் சிறு கட்டுரையைக் கைப்பிரதி எடுத்து நண்பர்களுக்குள் சுற்றுக்கு விட்டோம். இன்றும் விமர்சனம் எழுத வருகிறவர்களிடம் அதைத்தான் முதலில் கொடுப்போம். 1956இல் விமர்சகர் எட்மண்ட் வில்சன் டோல்கியனைச் சிறுபிள்ளைக் குப்பை என்று ஒதுக்கியபோது, எதிரணியில் கவிஞர் ஆடன் நின்றார். ஆனால் ஆடனுக்குப் பின் வந்த பல ஆதரவாளர்கள், நூலின் கௌரவத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துத் தொன்மத்தையும் எல்ஃபிய மொழிகளையும் முன்னால் நிறுத்தி, ஹாபிட்டுகளைப் பின்கட்டுக்கு அனுப்பினார்கள். தாக்கியவர்களைவிட இவர்கள் செய்த கெடுதல் பெரிது.

நம் நிலைமை என்ன? எண்வகை மெய்ப்பாட்டில் நகையை முதலில் வைத்த இலக்கண மரபு நம்முடையது. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று அதற்கு நான்கு நிலைக்களன்களும் வகுத்தது. பில்போவின் பரிசுகளையும் பிப்பினையும் சாமையும் படிக்க இதைவிட நல்ல கருவி எந்த ஐரோப்பியக் கோட்பாட்டிடமும் இல்லை. பக்தினைச் சேர்த்தே சொல்கிறோம். கடவுளைச் சென்னைத் தெருவில் இறக்கி, ஒரு வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கட்டவைத்த புதுமைப்பித்தன் நம் மொழியின் ஆகச் சிறந்த மிகுபுனைவை முழுக்கச் சிரிப்பாலேயே கட்டினார். இத்தனையும் இருந்தும் நவீனத்துவம் நமக்கு இறுகிய முகத்தையே தீவிரத்தின் அடையாளமாகக் கற்றுக்கொடுத்தது. அதை எதிர்த்து வந்த முற்போக்கு முகாமும் இந்த ஒன்றில் அதோடு ஒத்துப்போனது. சிரிக்கவைப்பவரைத் தனிப் பந்தியில் உட்காரவைத்தோம். பரிசுக் குறிப்புகளில் வலி, இருள், தனிமை எல்லாம் வருகின்றன; ஒரு நாவலின் சிரிப்பு அதன் கட்டுமானத்தில் என்ன செய்கிறது என்று ஒரு வரி வருவதில்லை. இளம் எழுத்தாளர்கள் இதைக் கவனிக்கிறார்கள். தங்கள் பாட்டிகளும் அத்தைகளும் சாவு வீட்டில் பேசும் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டே, எழுத உட்கார்ந்ததும் அதைக் கழித்துவிட்டு எழுதுகிறார்கள். நம் நாவல்கள் இந்தத் தணிக்கையால் பாதி மனிதர்களை இழந்திருக்கின்றன.

அடுத்த இதழில் இதற்கென்று பக்கங்கள் ஒதுக்குகிறோம். காவியமோ மிகுபுனைவோ நாவலோ, எந்த மொழியிலிருந்து வேண்டுமானாலும் ஒரு நூலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரே ஒரு சிரிப்பைத் தேர்ந்து, அது எங்கே தொடங்கி எங்கே போய்ச் சேர்கிறது என்று எழுதி அனுப்புங்கள். பட்டியல்கள் வேண்டாம்.