கண்டல் காடும் கரிம வரவும்

நுழையும்முன்
காற்றிலுள்ள கரிமத்தைச் சேற்றில் சேமித்து வைக்கும் ஆற்றல் அலையாத்திக் காடுகளுக்கு உண்டு. அவ்வாற்றலுக்கு இன்று உலகச் சந்தையில் விலை இருக்கிறது. அந்த விலை யாரைச் சேர வேண்டும், எந்த நிபந்தனையோடு சேர வேண்டும் என்று சிந்திக்கத் தூண்டுகிறது இக்கட்டுரை.

கழிமுகத்தின் காவலர்கள்
கருங்கல்லிலிருந்து கடல் தொலைவில் இல்லை. குழித்துறை வழியாக வரும் தாமிரபரணி தேங்காய்ப்பட்டணத்தில் கடலோடு கலக்கிறது. கிழக்கே, நாஞ்சில் நாட்டு வயல்களை வளப்படுத்தி வரும் பழையாறு மணக்குடியில் காயலாக விரிகிறது. 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை மணக்குடிப் பாலத்தையே பெயர்த்தெறிந்ததை நம் மாவட்டம் மறக்கவில்லை. அந்தக் காயற்கரையில் இன்று நிற்கும் அலையாத்தி மரங்கள் அலையின் வேகத்தைத் தணிக்கின்றன. மீனுக்கும் இறாலுக்கும் நண்டுக்கும் நாற்றங்காலாக விளங்குகின்றன.

இம்மரங்கள் தமிழருக்குப் புதியவை அல்ல. நெய்தல் நிலத்தைப் பாடிய சங்கப் புலவர்கள் கண்டலையும் பாடினர். சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயரைத் தந்த மரம் பிச்சாவரத்தில் இன்றும் வளர்கிறது.

சேற்றில் சேரும் செல்வம்
அலையாத்திக் காட்டின் சேற்றில் உயிர்வளி மிகக் குறைவு. ஆகவே அங்கு விழும் இலையும் மடியும் வேரும் விரைவில் மட்குவதில்லை. அவற்றிலுள்ள கரிமம் நூற்றாண்டுகள் தங்கிவிடுகிறது. காட்டை அழித்தால் அது மீண்டும் காற்றில் கலக்கும். காற்றில் சேராமல் தடுக்கப்பட்ட அல்லது காற்றிலிருந்து நீக்கப்பட்ட ஒரு டன் கரியமில வாயுவுக்கு ஒரு கரிம வரவு எனக் கணக்கிடுகின்றனர். புகை வெளியிடும் நிறுவனங்கள் அவ்வரவை விலைகொடுத்து வாங்குகின்றன.

கென்யாவின் காசி விரிகுடாவில் ‘மிக்கோக்கோ பமோஜா’ என்னும் திட்டம் 2013 முதல் இவ்வழியில் நடைபெறுகிறது. 117 எக்டேர் காட்டை ஊர்மக்களே காக்கின்றனர். கரிம வரவால் கிடைத்த பணம் குடிநீருக்கும் பள்ளிகளுக்கும் செலவிடப்பட்டது. எதற்குச் செலவிடுவது என்பதையும் ஊரே கூடி முடிவு செய்கிறது.

பிச்சாவரம் கற்பித்த பாடம்
காட்டை மீட்கப் பணம் மட்டும் போதுமா? பிச்சாவரத்தில் காடு நலிந்தபோது ஆடு மாடுகளும் விறகு வெட்டுவோருமே காரணம் எனப் பலர் கருதினர். ஆராய்ந்தபோது உண்மை வேறாக இருந்தது. முற்காலத்தில் காட்டைப் பகுதி பகுதியாக முற்றிலும் வெட்டியதால் நிலம் தாழ்ந்தது. ஓதநீர் தேங்கி, வற்றி, உப்பு மிகுந்தது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் இணைந்து, மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டி ஓதநீரை ஓடச் செய்தனர், கன்றுகளை நட்டனர், காடு தழைத்தது. பழி சுமத்தப்பட்ட மக்களே காட்டை மீட்கத் துணைநின்றனர். அவர்களை விலக்கிவிட்டு வரும் எந்த நிதியும் நெடுநாள் பயன் தராது.

விலை பேசுமுன்
கரிம வரவை எதிர்ப்போர் கூறும் காரணங்களிலும் நியாயம் உண்டு. ஓர் ஆலை தன் புகையைச் சிறிதும் குறைக்காமல், வரவை வாங்கியதையே காட்டித் தப்பித்துக்கொள்ளக் கூடும். மேலும், புதிதாகச் சேரும் கரிமத்துக்கோ அழிவிலிருந்து காத்த கரிமத்துக்கோதான் வரவு கிடைக்கும். ஆகவே, அழிவு நெருங்காதபடி தலைமுறைகளாகக் காத்துவந்த ஊருக்கு ஒன்றும் கிடைக்காமற் போகலாம். அளவிடவும் சரிபார்க்கவும் ஆகும் செலவு, காடு சிறியது என்பதற்காகப் பெரிதும் குறைவதில்லை. மணக்குடி போன்ற சிறு காடு தனித்து நின்றால், வரும் பணம் கணக்கெழுதவே சரியாகிவிடும். நிலம் அரசின் காப்புக்காடாக இருக்குமிடத்தில், காத்தவரின் பங்கு என்ன என்னும் வினாவும் எழுகிறது.

இக்காரணங்களுக்காக அந்நிதியை அடியோடு மறுக்க வேண்டியதில்லை; நிபந்தனையோடு ஏற்க வேண்டும். நம் மாவட்டத்தில் தென்னந்தோப்பைப் பாட்டத்துக்கு விடுபவர் காய்க்குத்தான் விலை பேசுவார். தோப்பை எழுதிக் கொடுத்துவிட மாட்டார். கரிம வரவிலும் அதே தெளிவு வேண்டும். மீன்பிடிக்கவும் நண்டு பிடிக்கவும் ஊருக்குள்ள உரிமை ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். ஒப்பந்தம் தமிழில் இருக்க வேண்டும். வரவுசெலவுக் கணக்கு ஆண்டுதோறும் கிராமசபையில் படிக்கப்பட வேண்டும். காயலில் கைகளால் துழாவி மீனும் இறாலும் பிடிக்கும் பெண்களுக்கு முடிவெடுக்கும் இடத்தில் இடம் வேண்டும். சிறு கழிமுகங்களின் ஊர்கள் பல ஒரே திட்டமாக இணைந்தால் செலவும் பகிரப்படும். பேரம் பேசும் வலிமையும் பெருகும்.

இத்தகைய ஒப்பந்தங்கள் பல இருபது, முப்பது ஆண்டுகள் நீள்பவை. இன்று பதினாறு வயதில் இருக்கும் நீங்கள், இப்போது கையெழுத்தாகும் முப்பதாண்டு ஒப்பந்தம் முடியும்போது நாற்பத்தாறு வயதை எட்டியிருப்பீர்கள். அதன் நன்மையும் தீமையும் உங்களையே சேரும். ஆகவே அதைப் படிக்கவும் கேள்வி கேட்கவும் இப்போதே பழகுங்கள். மரம் சேர்த்துவைக்கும் கரிமத்துக்கு விலை வரட்டும். காட்டின் மீதுள்ள உரிமை கரையில் வாழ்வோரிடமே இருக்கட்டும்.

கற்பவை கற்றபின்
உங்கள் ஊருக்கு அருகிலுள்ள நீர்நிலையைக் காக்க ஒரு நிறுவனம் நிதி தர முன்வருகிறது எனக் கொள்க. கிராமசபையில் நீங்கள் முன்வைக்கும் ஐந்து வினாக்களை எழுதி, வகுப்பில் கலந்துரையாடுக.