மாதரி ஏற்ற அடைக்கலம்

சிலப்பதிகாரத்து மாதரி யார் என்று கேட்டால், மதுரையில் கண்ணகிக்கு இடம் கொடுத்த இடைச்சி என்று பலரும் சொல்லிவிடுவார்கள். சரிதான். ஆனால் இடம் கொடுத்தவள் எதற்காகத் தீயில் இறங்க வேண்டும்?

அடைக்கலம் என்ற சொல்லிலிருந்து தொடங்கினால் இது விளங்கும். இயக்கி என்னும் பெண்தெய்வத்துக்குப் பால்சோறு படைத்துவிட்டுத் திரும்பும் மாதரி, கண்ணகிக்கும் அவள் கணவன் கோவலனுக்கும் வழித்துணையாக மதுரைக்கு வந்த சமணத் துறவி கவுந்தியடிகளை வழியில் கண்டு வணங்குகிறாள். ஆனிரை காத்து வாழ்பவர்களிடம் கொடுமை இல்லை, இவளோ முதியவள், நேர்மையும் இரக்கமும் உள்ளவள் என்று மனத்துக்குள் எடைபோட்ட பிறகே கவுந்தி கண்ணகியை ஒப்படைக்கிறார். இந்தப் பெண்ணுக்குக் காவலும் நீ, தாயும் நீ என்கிறார். அடைக்கலம் காப்பதன் பெருமையை ஒரு கதை சொல்லியும் உணர்த்துகிறார். மாதரி அன்று ஏற்றுக்கொண்டது ஒரு பொறுப்பு. மகள் ஐயையைக் கண்ணகிக்கு நாத்தனார்போலத் துணை வைக்கிறாள். பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், சாலி அரிசி எல்லாம் அந்த வீடு தேடி வருகின்றன. கோவலனுக்குக் கண்ணகி கடைசியாகச் சமைத்துப் போட்டது அங்கேதான்.

அடுத்து வரும் ஆய்ச்சியர் குரவையைத் திருமால் துதி என்று மட்டும் படித்துக் கடந்துவிடுகிறோம். அது எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். அரண்மனையில் காலை முரசு முழங்குகிறது. அன்று அரசனுக்கு நெய் கொடுக்கும் முறை மாதரி வீட்டுடையது. கடைகயிறும் மத்துமாக வந்தவள் பார்த்தால் குடத்துப் பால் உறையவில்லை. காளையின் கண்ணில் நீர் வடிகிறது. உறியில் வைத்த வெண்ணெய் உருகவில்லை. மாட்டின் கழுத்துமணி அறுந்து விழுகிறது. ஏதோ வரப்போகிறது என்று அவளுக்குத் தெரிகிறது, என்னவென்று தெரியவில்லை. மனம் கலங்காதே என்று மகளைத் தேற்றி, கண்ணகி பார்த்திருக்கக் குரவை ஆடுவோம் என்கிறாள். முந்தின காதையிலேயே, கள்வன் என்ற பொய்ப்பழியால் கோவலன் வெட்டுண்டு விழுந்ததைப் படித்துவிட்ட நமக்கு அந்த ஆட்டத்தைப் பார்க்கவே பொறுக்கவில்லை. எந்த அரண்மனைக்கு நெய் கடைய எழுந்தாளோ, அங்கிருந்து பிறந்த ஆணைதான் அவனைக் கொன்றது.

குரவை முடிந்து வையையில் நீராடப் போகிறாள் மாதரி. அதற்குள் ஊருக்குள்ளிருந்து செய்தி வந்து சேர்கிறது. அவளுடைய முடிவை இளங்கோ உடனே சொல்லவில்லை. 27ஆவதான நீர்ப்படைக் காதையில், மாடலன் என்னும் மறையவன் சேரன் செங்குட்டுவனிடம் சொல்லும்போதுதான் நமக்கே தெரியவருகிறது. கவுந்தி தன் சீற்றத்தைப் பொறுத்து, வினையை நினைத்து, உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டார். மாதரியோ இடைக்குல மக்களைக் கூப்பிட்டுச் சொன்னாள்: கோவலன் குற்றமற்றவன், பிழை செய்தவன் அரசன், நான் அடைக்கலத்தை இழந்துவிட்டேன். சொல்லிவிட்டு நள்ளிரவில் தீயில் புகுந்தாள். அந்தச் சாவைப் போற்ற எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பாண்டியன் தலைநகரின் புறத்தே, ஒரு மோர்க்காரக் கிழவி அரசனையே குற்றம் சாட்டியதை மறக்கவும் முடியவில்லை.

கடைசிக் காதையில், இறந்துபோன கண்ணகியின் தாயும் கோவலனின் தாயும் அரட்டன் செட்டி வீட்டில் இரட்டைப் பெண்களாக மறுபடி பிறந்திருக்கிறார்கள். மாதரி சேடக் குடும்பியின் சிறுமகளாகப் பிறந்திருக்கிறாள். பெற்ற தாய்க்கும் மாமியாருக்கும் எதைக் காரணமாகச் சொல்கிறாரோ, அதையே இந்த இடைச்சிக்கும் சொல்கிறார் இளங்கோ: கண்ணகிமேல் வைத்த அன்பு.