தாட்சண்யம் கால நாசம்

நம்முடைய வீடுகளில் "இல்லை" என்ற சொல்லை எளிதில் உச்சரிக்கக் கூடாது என்று பெரியவர்கள் ஓர் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள். பானையில் அரிசி தீர்ந்து போனால் "அரிசி இல்லை" என்று சொல்லக் கூடாது. "அரிசி வாங்க வேண்டும்" என்றுதான் சொல்ல வேண்டும். ஊருக்குக் கிளம்புகிறவர் "போகிறேன்" என்று சொல்லக் கூடாது. "போய் வருகிறேன்" என்று சொல்ல வேண்டும். மங்களகரமான ஏற்பாடுதான். ஆனால் அரிசிப் பானைக்கு ஏற்பட்ட விதியைக் கடிகாரத்துக்கும் நாம் நீட்டி விட்டோம். அங்கேதான் ஆபத்து வந்து சேர்ந்தது.

யாரோ ஒருவர் வந்து ஒரு காரியத்தைச் செய்து தர முடியுமா என்று கேட்கிறார். நமக்கு நேரம் இல்லை என்பது நமக்கு நன்றாகத் தெரியும். ஆயினும் நம் வாயிலிருந்து வருவது என்ன? "ஆகட்டும், அதற்கென்ன?" என்பதுதான். இந்தக் குணத்துக்குத் தாட்சண்யம் என்று பெயர். தாட்சண்யம் தன நாசம் என்பது பழமொழி. அதை உண்டாக்கியவர் பணத்தைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டார் போலிருக்கிறது. போன பணம் ஒருவேளை திரும்பி வரலாம். போன சாயங்காலம் திரும்பி வருமா?

எனக்கு ஒரு சிநேகிதர் உண்டு. ஊரில் எந்த நல்ல காரியமும் அவர் இல்லாமல் நடப்பதில்லை. கோயில் திருப்பணிக் கமிட்டியில் அவர். வாசகசாலைக் கமிட்டியில் அவர். யார் வீட்டுக் கல்யாணமானாலும் பந்தி விசாரிக்கிறவர் அவர். இவ்வளவையும் எப்படித்தான் சமாளிக்கிறாரோ என்று வெகு நாள் ஆச்சரியப்பட்டிருக்கிறேன். ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது அந்த ரகசியம் வெளியாயிற்று.

அன்று மாலை ஆறு மணிக்குத் தம் பெண்ணுக்குக் கணக்குச் சொல்லித் தருவதாக அவர் வாக்களித்திருந்தார். வீட்டுக்குள் நுழைந்தபோது மணி எட்டு. பின்னால் கமிட்டி அங்கத்தினர்கள் நான்கு பேர். "இவர்களுக்கும் இலை போட்டுவிடு" என்று சமையலறைப் பக்கம் பார்த்துச் சொன்னார். அந்த அம்மாள் அணைத்திருந்த அடுப்பை மறுபடியும் மூட்டினார். குழந்தை கணக்குப் புத்தகத்தை மூடிக்கொண்டே, "அப்பா! நானும் ஒரு கமிட்டி ஆரம்பித்தால் அதற்கு வருவீர்களா?" என்று கேட்டாள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். குழந்தை மட்டும் சிரிக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் விளங்கிற்று. சிநேகிதர் ஊராருக்குத் தாராளமாக வழங்கிய "ஆகட்டும்" எல்லாம் அவருடைய கைப்பொருள் அல்ல. மனைவியின் ஓய்வும் மகளின் சாயங்காலமும் அதற்காகச் செலவாயின. பிறரிடம் "மாட்டேன்" என்று சொல்ல நமக்கு வாய் வருவதில்லை; நம்மிடம் "மாட்டேன்" என்று சொல்ல முடியாதவர்கள் அந்தக் கடனைக் கட்டுகிறார்கள்.

இத்தனைக்கும் மறுத்துச் சொல்வதில் நம் தேசத்துக்குப் பழக்கமில்லை என்பதில்லை. 1920-ஆம் ஆண்டில் தொடங்கிய ஒத்துழையாமை இயக்கந்தான் என்ன? ஒரு பெரிய சாம்ராஜ்யத்தைப் பார்த்து ஜனங்கள் "மாட்டோம்" என்று சொன்னதுதானே? சாம்ராஜ்யத்திடம் சொல்ல முடிந்த வார்த்தையை அடுத்த வீட்டுக்காரரிடம் சொல்ல முடியவில்லை என்றால் வேடிக்கையாக இல்லையா?

அந்த வார்த்தையை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதையும் காந்தி மகான் காட்டியிருக்கிறார். உப்புச் சட்டத்தை மீறுவதற்காக 1930 மார்ச் 12-ந் தேதி அவர் தண்டிக்குப் புறப்பட்டார். பத்து நாள் முன்னதாகவே, மார்ச் 2-ந் தேதியன்று, வைஸ்ராய் இர்வினுக்குக் கடிதம் எழுதிவிட்டார். அதில் வைஸ்ராயை நண்பர் என்றே அழைத்திருந்தார். செய்யப் போவது இன்னது, அதற்குக் காரணம் இன்னது என்று ஒளிவு மறைவின்றிச் சொல்லியிருந்தார். மறுப்பில் உறுதி இருந்தது. பகைமை இல்லை, பொய்ச் சாக்கு இல்லை, கடைசி நிமிஷத்தில் ஏமாற்றும் வித்தையும் இல்லை.

தம்முடைய நேரத்தைக் காப்பதிலும் அவர் அப்படியே இருந்தார். திங்கட்கிழமைதோறும் மௌன விரதம். 1947 ஜூன் 2-ந் தேதி ஒரு திங்கட்கிழமை. தேசப் பிரிவினைத் திட்டத்தைத் தலைவர்களின் முன் வைத்த மௌண்ட்பேட்டன் அன்று காந்தியையும் சந்தித்தார். காந்தி வாய் திறக்கவில்லை. பழைய கடித உறைகளின் பின்புறத்தில் தம் பதிலை எழுதிக் கொடுத்தார். அந்த விரதத்துக்கு அவர் வகுத்திருந்த விலக்குகள் இரண்டே: அவசர விஷயமாக உயர்ந்த அதிகாரிகளிடம் பேசுவது ஒன்று, நோயாளிகளைக் கவனிப்பது மற்றொன்று. விலக்கு எது என்பது முன்பே தீர்மானமாகி இருந்தது. ஆகையால் தாட்சண்யம் வந்து வாரத்துக்கு ஒரு புது விலக்கை உண்டாக்குவதற்கு இடமில்லை.

நாமெல்லாரும் மகாத்மாக்கள் அல்ல. வாரத்தில் ஒரு நாள் நமக்கு வேண்டாம். தினம் ஒரு மணி நேரம் போதும். வீட்டார் எல்லோரும் கூடி, "இந்த ஒரு மணி வெளியாருக்கு இல்லை" என்று தீர்மானித்துக் கொள்ளலாம். நோயும் துக்கமும் ஆபத்தும் மட்டும் அதற்கு விலக்கு. அந்த நேரத்தில் கைத்தொலைபேசிக்கும் மௌன விரதம் அனுஷ்டிக்கக் கற்றுக் கொடுப்பது நல்லது.

யாராவது ஒரு காரியம் கேட்டால், "இதற்குச் செலவாகப் போவது யாருடைய நேரம்?" என்று முதலில் மனத்துக்குள் கேட்டுக் கொள்ளுங்கள். அடுப்பை மூட்ட வேண்டியவர் வேறொருவர் என்றால், அவரைக் கேளாமல் வாக்குக் கொடுக்க நமக்கு என்ன பாத்தியதை? அவர் "இன்று இயலாது" என்று சொன்னால் முகம் கோணாமல் ஏற்றுக் கொள்வதும் நம் கடமை. முடியாத காரியத்துக்கு, "பார்க்கலாம்" என்று இழுக்காமல், "இந்த மாதம் என்னால் இயலாது" என்று அன்றைக்கே சொல்லி விடுங்கள். கேட்டவர் வேறு ஆளைத் தேடிக் கொள்வார். "பார்க்கலாம்" என்பதை நம்பிக் காத்திருப்பவருக்கு அந்த வழியும் இல்லை. ஆகவே தக்க சமயத்தில் சொல்லும் மறுப்பும் ஓர் உபகாரமே.

என் சிநேகிதர் சென்ற மாதம் வாசகசாலைக் கமிட்டியிலிருந்து விலகிக் கொண்டார். வாசகசாலை இடிந்து விழவில்லை. அவருடைய இடத்துக்கு ஓர் இளைஞர் வந்திருக்கிறார். கணக்கு வழக்குகள் முன்னைக் காட்டிலும் ஒழுங்காக இருக்கின்றனவாம். குழந்தையின் கணக்கும் அப்படியே என்று அவள் தாயார் சொல்கிறார்.