விருந்தோம்ப வீடு வேண்டாமா?

சென்ற மாதம் எங்கள் இலக்கிய வட்டத்தின் கூட்டத்தில், அமெரிக்கப் பயணம் முடித்துத் திரும்பிய நண்பர் ஒருவர் பேசினார். அந்நாட்டின் காடுகளில் பொதுமக்கள் கூடாரமடித்துத் தங்கும் திடல்களை, பணி ஓய்வு பெற்ற முதியவர்கள் ஊதியம் பெறாமலே பராமரிக்கிறார்கள் என்றும், 'கேம்ப் ஹோஸ்ட்' என்பது அவர்களுக்குப் பெயர் என்றும், தொண்டு என்னும் சொல்லின் முழுப்பொருளை அங்கேதான் கண்டதாகவும் உணர்ச்சி ததும்பச் சொன்னார். "நம் நாட்டில் இப்படி ஒருவரைக் காட்ட முடியுமா?" என்று அவர் முடித்தபோது அரங்கம் கைதட்டியது. நான் தட்டவில்லை. அவையில் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். நண்பர் வருந்தக்கூடும், நான் மறுப்பது அவர் கருத்தைத்தான், அவரை அல்ல.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். அந்த முதியவர்களை நான் குறைத்துப் பேச வரவில்லை. 2019-ஆம் ஆண்டுக் கோடையில், ஒரேகான் மாநிலத்தில் வசிக்கும் என் தங்கையின் குடும்பத்தோடு ஒரு தேசியக் காட்டில் மூன்று இரவுகள் தங்கினேன். திடலின் நுழைவாயிலருகே பழைய வீட்டுவண்டி ஒன்று நின்றது. அதில் வாழ்ந்தவர்தான் அத்திடலின் ஹோஸ்ட்; எழுபதைக் கடந்த பெண்மணி. பொழுது புலர்ந்ததும் வாளியும் துடைப்பமுமாகக் கழிப்பறைகளை நோக்கி நடப்பார். பிறகு, ஆட்கள் கிளம்பிப்போன இடம் ஒவ்வொன்றிலும், நெருப்பு மூட்டும் இரும்பு வளையத்துச் சாம்பலுக்கு மேல் புறங்கையை நீட்டிச் சூடு பார்ப்பார். சூடு தெரிந்தால் நீரூற்றிக் கிளறுவார். ஒரு பொறி போதும், காடு போய்விடும். கட்டண உறைகளைச் சரிபார்ப்பதும், சிதறிய குப்பையைப் பொறுக்குவதும், வழி கேட்பவர்க்கு வழி சொல்வதும் அவர் வேலைதான். உணவை வெளியே போட்டுவிட்டு உறங்கப்போன இளைஞர்களிடம், கரடி வரும் என்று எச்சரித்தாக வேண்டும். அவர்கள் முகம் சுளிக்காமலும் சொல்ல வேண்டும். யாரையும் தண்டிக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை.

"வாரத்துக்கு எத்தனை மணி நேரம்?" என்று கேட்டேன். "காகிதத்தில் இருபத்துநான்கு" என்று சிரித்தார். "இரவு இரண்டு மணிக்கு என் கதவைத் தட்டுகிறவர் அந்தக் காகிதத்தைப் படித்திருப்பதில்லை." இத்தனைக்கும் கைம்மாறு, வண்டியை நிறுத்த ஓர் இடம், தண்ணீர், மின்சாரம். முன்பு அங்கே பருவகாலப் பணியாளர் இருவர் சம்பளத்துக்கு இருந்தார்களாம். ஒருவர் ஓய்வு பெற்றார். மற்றவரை அடுத்த கோடைக்கு யாரும் அழைக்கவில்லை. "அக்டோபரில் திடலை மூடியபின் வீட்டுக்குப் போய்விடுவீர்களா?" என்று தங்கை கேட்டாள். அவர் தம் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். "இப்போதும் வீட்டிலேதான் இருக்கிறேன்" என்றார்.

நண்பரின் பேச்சைக் கேட்டபோது எனக்கு இந்த ஒரு வாக்கியம்தான் நினைவில் நின்றது. வள்ளுவர் விருந்தோம்பலை இல்லறவியலில் வைத்தார். இல்லம் உடையவரே விருந்தினரை ஏற்கவும் பேணவும் முடியும் என்பது அந்த வைப்புமுறையிலேயே அடங்கியிருக்கிறது. இங்கோ, தங்க இடம் வேண்டி வேலைக்கு வந்தவருக்கு 'விருந்தோம்புநர்' என்று பட்டம் சூட்டியிருக்கிறார்கள்! ஹோஸ்டுகள் எல்லோரும் வீடற்றவர்கள் என்று நான் சொல்லவில்லை. நல்ல ஓய்வூதியத்தோடும் சொந்த வீட்டோடும், கோடையைக் காட்டில் கழிக்கும் ஆசையில் வருகிறவர்கள் ஏராளம். ஆனால் அந்த இருவகையினரையும் ஒரே சொல்லால் அழைத்து, பின்னவரின் மகிழ்ச்சியைக் காட்டி முன்னவரின் நிலையை மறைப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் கையில் ஏறத்தாழ 64 கோடி ஏக்கர் நிலம் இருக்கிறது. அந்நாட்டின் பரப்பில் கால்பங்குக்கும் மேல். அவற்றுள் தேசியப் பூங்காக்களில் தன்னார்வலரைச் சேர்த்துக்கொள்ள வழிசெய்த சட்டம் 1970-இல் கையொப்பமாயிற்று. தேசியக் காடுகளுக்கான சட்டம் 1972-இல் வந்தது. பூங்காக்களுக்கான சட்டத்தில் அருமையான ஒரு நிபந்தனை உண்டு. தன்னார்வலரைக் கொண்டு எந்த ஊழியரையும் இடம்பெயர்க்கக் கூடாது என்பதே அது. படிக்க நன்றாயிருக்கிறது. நடைமுறையில் என்ன நிகழ்கிறது? இருக்கும் ஊழியரை யாரும் வெளியேற்றுவதில்லை. அவர் ஓய்வு பெறும்வரை காத்திருக்கிறார்கள். பிறகு அந்த இடத்தை நிரப்பாமல் விடுகிறார்கள். ஓரிரு கோடைகள் கழிந்தபின் அங்கே ஒரு தன்னார்வலர் வந்து சேர்கிறார். அவர் யாரை இடம்பெயர்த்தார்? யாரையும் இல்லை, நாற்காலிதான் காலியாக இருந்ததே! சட்டத்தின் எழுத்து பிழைத்தது, உயிர் போயிற்று.

1972-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இன்னொரு வேடிக்கை. தன்னார்வலர் பணியின்போது காயமுற்றால், இழப்பீட்டின் பொருட்டு அவர் கூட்டாட்சி ஊழியராகக் கருதப்படுவார். நல்ல ஏற்பாடு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதன் உட்பொருளைக் கவனியுங்கள். அவர் செய்வது ஓர் ஊழியரின் வேலைதான் என்பதை அரசே அறிந்திருக்கிறது. கால் முறிந்தால் ஊழியர். மாதம் முடிந்தால் தொண்டர்!

மேலும் ஒன்று. தேசியக் காடுகளின் கூடாரத் திடல்களுள் பலவற்றைத் தனியார் நிறுவனங்கள் அனுமதி பெற்று நடத்துகின்றன. அங்கும் ஹோஸ்ட் உண்டு. அதே கழிப்பறை, அதே சாம்பல், அதே நள்ளிரவுத் தட்டல். ஆனால் இலாப நோக்குள்ள நிறுவனம் இலவச உழைப்பைப் பெற 1938-ஆம் ஆண்டின் நியாயமான தொழில்தரச் சட்டம் இடம்தருவதில்லை. அங்கே கூலி கொடுத்தாக வேண்டும். அந்தக் கூலி வாழ்க்கைக்குப் போதுமானதா என்பது வேறு கேள்வி. ஜெசிகா புரூடர் 2017-இல் வெளியிட்ட 'நோமேட்லேண்ட்' நூல், வீட்டை இழந்து வண்டியில் வாழும் முதியவர்கள் இத்தகைய திடல்களிலும் கிடங்குகளிலும் உழைத்து ஓய்வதைப் பதிவுசெய்திருக்கிறது. அதைத் தழுவிய திரைப்படம் 2021-இல் ஆஸ்கர் விருது பெற்றது. என் கேள்வி எளியது. ஒரு திடலை நிறுவனம் நடத்தினால் 'வேலை' என்றும், பக்கத்துத் திடலை அரசு நடத்தினால் 'தொண்டு' என்றும் ஆகிவிடுகிற ஒரே செயலுக்கு, உண்மையில் என்ன பெயர்?

"அரசிடம் பணம் இல்லை, என்ன செய்வது?" என்பார்கள். வரலாறு இதற்கு விடை சொல்கிறது. 1933-இல், பெரும் பொருளாதார வீழ்ச்சியின் அடியாழத்தில், பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் அரசு 'சிவிலியன் கன்சர்வேஷன் கோர்' என்ற அமைப்பைத் தொடங்கியது. 1942 வரை ஏறத்தாழ 30 இலட்சம் இளைஞர்கள் அதில் பணிபுரிந்தனர். மரம் நட்டார்கள், பாதை அமைத்தார்கள், கூடாரத் திடல்களைக் கட்டினார்கள். அவற்றுள் பல இன்றும் பயன்பாட்டில் உள்ளன. உணவும் உறைவிடமும் தந்து, மாதம் 30 டாலர் ஊதியமும் தந்தது அரசு. அதில் பெரும்பகுதி, வழக்கமாக 25 டாலர், அவர்களின் குடும்பத்துக்குப் போயிற்று. உறைவிடம் கொடுத்ததையே கூலியாக யாரும் கணக்கெழுதவில்லை. நாடு பசித்துக் கிடந்தபோது காட்டு வேலைக்குக் கூலி இருந்தது. நாடு செழித்தபின் அதே வேலைக்குப் பாராட்டுப் பத்திரம்தான் மிச்சம் என்றால், குறை பணத்தில் இல்லை.

2020-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், பொதுநிலங்களில் தேங்கிக் கிடந்த பழுதுபார்ப்புப் பணிகளுக்கென ஐந்தாண்டுகளுக்கு, ஆண்டுக்கு 190 கோடி டாலர் வரை ஒதுக்கியது. கூரைக்கும் குழாய்க்கும் பணம் கிடைத்தது, மகிழ்ச்சி. ஆனால் 2025 பிப்ரவரியில் தேசியப் பூங்காத் துறையில் சுமார் 1,000 பேரும், வனத்துறையில் சுமார் 3,400 பேரும் ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்யப்பட்டதாகச் செய்தி வந்தது. பலரை மீண்டும் சேர்க்க நீதிமன்றங்கள் ஆணையிட நேர்ந்தது. கழிப்பறையைச் செப்பனிடப் பணம் உண்டு, கழுவுகிறவருக்குத் தரப் பணம் இல்லை என்பது வறுமையன்று, முடிவு.

"விரும்பித்தானே செய்கிறார்கள்? வற்புறுத்தியவர் யார்?" என்பது அடுத்த வாதம். நியாயமான கேள்வி. ஆகவே ஓர் உரைகல்லை முன்வைக்கிறேன். அவர் நாளை வராவிட்டால் என்ன ஆகும்? பறவைகளைப் பற்றி மாலையில் பேசுகிறவர் வராவிட்டால் ஓர் உரை குறையும், அவ்வளவே. அவர் தருவது தொண்டு, அதை வணங்குவோம். கழிப்பறையைக் கழுவி நெருப்பைக் காக்கிறவர் வராவிட்டால் திடலையே மூட வேண்டும். அப்படியானால் அது தொண்டன்று, பதவி. 2018 டிசம்பரிலிருந்து 35 நாட்கள் அரசு முடங்கிக் கிடந்தபோது, ஜோஷுவா ட்ரீ பூங்காவில் உள்ளூர்த் தன்னார்வலர்கள் கழிப்பறை கழுவிக் குப்பை அள்ளினார்கள். அவர்களின் நற்பண்பில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அப்பூங்கா சேதமுறுவதை அவர்களால் தடுக்க முடியவில்லை. நல்ல மனம் ஒரு நிர்வாகத்துக்கு ஈடாகாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இதில் எனக்கு ஏன் இத்தனை கோபம் என்று வாசகர் கேட்கலாம். ஒளிப்பதற்கில்லை. நிரந்தரப் பணி கிடைக்கும் முன் பல ஆண்டுகள் நான் 'கௌரவ விரிவுரையாளர்'. நிரந்தரப் பேராசிரியர் எடுக்கும் அதே வகுப்பு, அதே விடைத்தாள், அதே மாணவர். ஊதியத்தில் மட்டும் பல மடங்கு வேறுபாடு. கோடை விடுமுறையில் அதுவும் இல்லை. மளிகைக் கடையில் கடன் சொல்லும்போது, என் பதவிப் பெயரின் முதற்சொல் எத்தனை கொடுமையான நகைச்சுவை என்பதை அறிந்தேன். உழைப்புக்கு உரிய காசைத் தர மனமில்லாதபோது அதிகாரம் அகராதியைத் திறக்கிறது. இங்கே 'கௌரவம்', அங்கே 'ஹோஸ்ட்'.

சோழர் காலக் கல்வெட்டுகளில், கூலியின்றிச் செய்யவேண்டிய கட்டாய உழைப்புக்கு 'வெட்டி' என்று பெயர். இன்று 'வெட்டி வேலை' என்றால் பயனற்ற வேலை என்று பொருள். அமெரிக்கத் திடல்களில் நடப்பது வெட்டி அன்று. அங்கே கட்டாயம் இல்லை. ஆனால் தமிழ் படித்தவர்கள் அச்சொல்லின் பயணத்தை எண்ணிப் பார்க்கலாம். கூலி இல்லாத உழைப்பு, காலப்போக்கில் மதிப்பும் இல்லாத உழைப்பாகக் கருதப்படும்.

தீர்வு கடினமானதன்று. நாள்தோறும் நடந்தே தீரவேண்டிய வேலைகளைப் பதவிகளாக்கட்டும். கூட்டாட்சியின் குறைந்தபட்சக் கூலி 2009 முதல் மணிக்கு 7.25 டாலர்தான். அதையே கொடுத்தாலும் வாரம் 24 மணிக்கு 174 டாலர். 20 வாரக் கோடைக்கு 3,480 டாலர். வண்டி நிற்கும் இடத்துக்கு வாடகை வேண்டுமென்றால் வெளிப்படையாக வாங்கிக்கொள்ளட்டும். கூலி வேண்டாம் என்கிற வசதியுள்ளோர் மனமுவந்து திருப்பிக் கொடுக்கட்டும். அப்போதுதான் அது கொடையாகும். பெற்றுக்கொள்ளும் உரிமை இல்லாதவர் எதைக் கொடுக்க முடியும்?

நாங்கள் கிளம்பிய காலையில் அந்த அம்மையார் எங்கள் நெருப்பு வளையத்தின் மேல் புறங்கையை நீட்டினார். தங்கை முந்தின இரவே நன்றாக நீரூற்றி அணைத்திருந்தாள். "இன்று ஒரு வேலை குறைந்தது" என்று அவர் மகிழ்ந்தார். 'வேலை' என்றுதான் சொன்னார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. கைதட்டிய நம் அரங்கத்துக்குத்தான் தெரியவில்லை.