காத்திருந்த கப்பல்



பம்பாய்த் துறைமுகத்தில் பார்சி கப்பற்கட்டுநர் ஜம்செட்ஜி பொமன்ஜி வாடியா மலபார் தேக்கினால் கட்டிய போர்க்கப்பல், திருகோணமலையின் பெயர் தாங்கிய "டிரிங்கோமலி". 1817-இல் அது நீரில் இறங்கியபோது நெப்போலியனின் போர்கள் ஓய்ந்திருந்தன. 1819-இல் இங்கிலாந்து சேர்ந்த அக்கப்பல், தேவையில்லையென்று ஓரமாய்க் கட்டிவைக்கப்பட்டது. 1847-இல்தான் பணிக்கு அழைப்பு வந்தது. 28 ஆண்டுகள்! தேக்கோ உளுத்துப்போகவில்லை. பசிபிக் பெருங்கடல்வரை சென்று ஊழியஞ்செய்தது. பின்னாளில் 1986 வரை இளைஞருக்குப் பயிற்சியளித்தது. இன்றும் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது.

பூனா கேம்ப் வீதிகளில் வேலை தேடி நடக்கும் அன்பரே, மோசேயும் மீதியானில் 40 ஆண்டுகள் காத்திருந்தார். ஓரமாய் வைக்கப்பட்டவர் தள்ளப்பட்டவரல்லர். காத்திருக்கும் நாட்களில் உள்ளம் உளுத்துப்போகாதபடி ஜெபத்தில் தரித்திருங்கள். தேவன் ஏற்ற வேளையில் அழைப்பார். ஆமென்.