அணு மருத்துவத் தொழில்நுட்பக் கல்வியும் நமது பிள்ளைகளும்

சென்ற மாதம் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தேன். அலுவல் முடிந்து புறப்படும் வேளையில், முதிய அங்கத்தினர் ஒருவர் காகிதம் ஒன்றை நீட்டினார். அணு மருத்துவத் தொழில்நுட்பராவதற்கு ஓராண்டில் சான்றிதழும், அதன்பின் வேலையும் உறுதி என்று ஒரு தனியார் பயிற்சி நிலையம் அச்சிட்டிருந்த விளம்பரம் அது. மகளை அதில் சேர்க்க வீட்டை அடகு வைக்க எண்ணியிருந்தார். "நல்ல படிப்புத்தானே, ஐயா?" என்று கேட்டார். அவருக்குக் கூறியதையே இங்கும் கூற விரும்புகிறேன்.

படிப்பு நல்லதே. மிகச் சிறிதளவு கதிரியக்க மருந்தை நோயாளியின் உடலிற் செலுத்தி, அது வெளியிடும் கதிர்களைக் காமா கேமராவினால் படமாக்கி, எலும்பும் இருதயமும் தைராய்டும் எவ்வாறு இயங்குகின்றன என்று காட்டும் துறை இது. ஆனால் புத்தகத்தைக் கொண்டு மட்டும் இதனைக் கற்க இயலாது. பெரிதும் பயன்படும் டெக்னீசியம்-99எம் என்பதன் அரை ஆயுள் 6 மணி நேரமே. காலை 6 மணிக்கு 100 பங்கு இருந்தால் நண்பகலில் 50, மாலை 6 மணிக்கு 25. ஆகையால் அதனைச் சேமித்து வைக்க வழியில்லை. மாலிப்டினம்-99 அடங்கிய ஈயக்கவசப் பெட்டியிலிருந்து உப்புநீரைச் செலுத்தி அன்றன்று பிரித்தெடுக்கின்றனர். இதனைப் 'பால் கறத்தல்' என்றே அத்துறையினர் வேடிக்கையாக வழங்குகின்றனர். கறந்ததில் மாலிப்டினம் கலந்துள்ளதா என்று சோதித்து, அளந்து, உரிய மருந்துடன் சேர்த்து, உரிய நேரத்தில் உரிய நோயாளிக்குச் சேர்ப்பிக்க வேண்டும். கேமராவும் கதிரியக்கப் பொருளும் இல்லாத இடத்தில் இதனைப் பயிற்றுவிப்பது, பாவு ஏற்றாத தறியில் நெசவு கற்பிப்பதையே ஒக்கும்.

அணு மருத்துவப் பிரிவு நடத்துவதற்கு, 1983-இல் அமைக்கப்பெற்ற அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும். அங்கு பணிபுரியும் தொழில்நுட்பரின் கல்வித் தகுதியையும் அவ்வாரியமே வகுத்திருக்கிறது. அத்தகுதியிற் சேராத சான்றிதழ் எத்துணை அழகாக அச்சிடப்பட்டிருப்பினும் பயனில்லை. பம்பாயில் (இன்றைய மும்பை) 1963-இல் தொடங்கிய கதிர்வீச்சு மருத்துவ மையத்தில் விஞ்ஞானப் பட்டதாரிகளுக்கான பட்டயப் படிப்பு நெடுங்காலம் நடைபெற்றது. நம் பக்கத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இத்துறைக் கல்வி உண்டு. பள்ளியில் பௌதிகமும் இரசாயனமும் படித்திராதவர் இதனை நாடுவது வீண் சிரமம்.

பெண்ணைக் கதிர்வீச்சுக்கிடையே அனுப்பலாமா என்ற அச்சம் அறியாமையன்று. ஊழியர் ஒவ்வொருவரும் கதிர்வீச்சை அளக்கும் பட்டை அணிய வேண்டும். ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட் என்பது வரம்பு. கருவுற்றவர் உடனே தெரிவிக்க வேண்டும். விதிகளை மதிக்கும் இடத்தில் அச்சத்துக்கு அதிக இடமில்லை என்பது என் அபிப்பிராயம். எனக்குள்ள கவலை வேறு. இக்கருவிகள் பெரும்பாலும் பெருநகர மருத்துவமனைகளிலேயே இருப்பதால், ஊரோடு இருந்து செய்யும் உத்தியோகம் அன்று இது.

கல்விக் கடன் மனுக்களைப் பரிசீலிக்கும் நிர்வாகக் குழுக்கள் ஜாமீனைப் பார்க்கும் அதே கண்ணால் படிப்பின் அங்கீகாரத்தையும் பார்க்க வேண்டும். நடைமுறைப் பயிற்சி எந்த மருத்துவமனையில் என்று எழுத்து மூலம் கேட்பதற்கு ஓர் அஞ்சலுறையே செலவாகும்.

அந்த நெசவாளரின் வீட்டுப் பத்திரம் இன்னும் அவருடைய பெட்டியிலேயே இருக்கிறது. கேமரா எங்கே உள்ளது என்று கேட்டு மகள் அந்நிலையத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள். இதனை எழுதும் நாள்வரை பதில் வரவில்லை.