நிலக்கொடை: எவருடைய நிலம்? எவருடைய கொடை?

ஐக்கிய அமெரிக்காவின் நிலக்கொடைப் பல்கலைக்கழகங்களைக் கல்வி வரலாற்றாசிரியர் பெருமதிப்போடு குறிப்பிடுவது வழக்கம். செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கே உரியதாயிருந்த உயர்கல்வியை உழவரதும் தொழிலாளரதும் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டவை அவை என்பர். இக்கூற்றில் உண்மை உண்டு. ஆயினும் அது பாதி உண்மையே. மற்றப் பாதியைக் 'கொடை' என்ற சொல் மறைத்து நிற்கின்றது. மினசோட்டாப் பல்கலைக்கழகத்தின் வரலாறு இதற்குச் சான்று.

கொல்லர் ஒருவரின் மகனான ஜஸ்ரின் மொரில் முன்மொழிந்த சட்டத்தில் 1862 யூலை 2 ஆம் திகதி ஜனாதிபதி லிங்கன் கையொப்பமிட்டார். காங்கிரசில் தனக்குள்ள ஒவ்வோர் உறுப்பினருக்கும் 30,000 ஏக்கர் வீதம் ஒவ்வொரு மாநிலமும் நிலம் பெறும். அதனை விற்று வரும் முதலைக் கொண்டு விவசாயமும் பொறித்தொழிலும் கற்பிக்கும் கல்லூரியை நடத்தும். இது சட்டத்தின் சாரம். மினசோட்டா இவ்வாறு பெற்றது 90,000 ஏக்கருக்கும் அதிகம்.

அந்நிலம் எவருடையது? அதில் பெரும்பகுதி 1851 இல் செய்யப்பட்ட உடன்படிக்கைகளால் டக்கோட்டா மக்களிடமிருந்து கைமாறியது. பல்கலைக்கழகம் சட்டரீதியாகத் தோற்றுவிக்கப்பட்டதும் அதே ஆண்டிலேயே. உடன்படிக்கைப் பணத்தில் ஒரு பங்கைப் பழங்கடன் என்று சொல்லித் தோல் வணிகர் எடுத்துக்கொண்டனர். 1862 கோடையில் தவணைப் பணமும் தாமதித்தது. பசி போராய் வெடித்தது. போரின் முடிவில் 303 பேருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. சில வழக்குகள் ஐந்து நிமிடங்கூட நீடிக்கவில்லை. லிங்கன் பட்டியலைக் குறைத்தார். எனினும் டிசம்பர் 26 இல் மங்கேற்றோ நகரில் 38 பேர் ஒரே வேளையில் தூக்கிலிடப்பட்டனர். 1863 இல் டக்கோட்டா மக்கள் மாநிலத்தை விட்டே வெளியேற்றப்பட்டனர். கல்லூரிச் சட்டத்தில் ஒப்பமிட்ட அதே கை, அதே ஆண்டில், தூக்குத்தண்டனைப் பட்டியலிலும் ஒப்பமிட்டது.

டக்கோட்டா மக்களுக்கெதிரான படையை நடத்திய ஹென்றி சிப்லி, முன்னாளில் தோல் வணிகர். பின்னாளில் இப்பல்கலைக்கழக ஆளுகைச் சபையின் தலைவர். ஆகவே, கல்வி வேறு, நிலப்பறிப்பு வேறு என்று பிரித்துப் பேசுவோர் இந்த ஒரு மனிதரின் வாழ்க்கையையாவது நோக்குதல் தகும்.

தமிழிலே கொடை என்பது தன்னுடையதைப் பிறர்க்கு ஈதல். பாரி முல்லைக்கு ஈந்தது தன் தேரை, அயலான் தேரையன்று. சோழர் கல்வெட்டுகளில் 'குடிநீக்கிய தேவதானம்' என்றொரு தொடர் உண்டு. முன்னைக் குடிகளின் உரிமை நீக்கப்பட்டதை அத்தொடர் ஒளிவின்றிச் சொல்லிவிடுகின்றது. மொரில் சட்டத்தில் அவ்வளவு நேர்மைதானும் இல்லை. 'பொதுநிலம்' என்பதோடு அது அமைந்துவிடுகின்றது.

இப்பல்கலைக்கழகம் ஆற்றிய தொண்டை மறுப்பதற்கில்லை. 1933 இல் நுழைவுத் தேர்வில் தோற்ற அயோவாக் கமக்காரர் மகன் நோர்மன் போர்லோக், இங்கே புதிதாய்த் தொடங்கியிருந்த பொதுக்கல்லூரி வழியாகவே உள்ளே வந்தார்; 1942 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார்; கோதுமை ஆராய்ச்சிக்காக 1970 இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்றார். ஆனால் அறுவடை நன்றாயிருப்பதனால் நிலத்தின் உரித்து மாறிவிடுவதில்லை.

"அக்கால மனிதரை இக்கால அளவுகோலால் அளக்கலாமா?" என்று வினவுவோர் உளர். 1862 இலேயே பேராயர் ஹென்றி விப்பிள் லிங்கனை நேரிற் கண்டு இம்மக்களுக்காக முறையிட்டார். எனவே அநீதி என்பது அக்காலத்தவர்க்கும் தெரிந்திருந்தது. "பழங்கதையை ஏன் கிளறுகிறீர்?" என்பது அடுத்த வினா. நில விற்பனையால் வந்த முதல் என்றென்றும் குறையாது பேணப்படவேண்டும் என்று மொரில் சட்டமே விதிக்கின்றது. முதலுக்கு முதுமை இல்லையாயின் கடனுக்கு மாத்திரம் முதுமை எப்படி வந்தது?

2021 இல் மினசோட்டாவின் 11 பழங்குடி அரசுகளைச் சேர்ந்த மாணவர்க்குக் கட்டணச் சலுகை அறிவிக்கப்பட்டது. 2023 இல் குளொக்கே வனவியல் நிலையத்தின் நிலத்தைப் பொன் டு லாக் மக்களுக்குத் திருப்பியளிக்கவும் பல்கலைக்கழகம் முன்வந்தது. இவை வரவேற்கத்தக்கன. ஆயினும் சலுகை என்பது கொடுப்பவன் விருப்பம். கடன் என்பது கொடுக்கவேண்டியவன் பொறுப்பு. நிலத்தைப் பெற்றபோது 'கொடை' என்று பெயரிட்டவர்கள், அதற்கு ஈடுசெய்யும்போதும் தம்மையே கொடையாளியாக்கிக்கொள்வது எவ்வகையிலும் நியாயமாகாது.

பல்கலைக்கழகம் உண்மையைத் தேடும் இடமென்று நாம் கூறிக்கொள்கிறோம். அத்தேடல் அது நிற்கும் நிலத்திலிருந்தே தொடங்கட்டும்.